கால்புரோடெக்டின் பரிசோதனை: மகளுக்காக இரண்டு முறை எடுத்துப் பார்த்த ஒரு தாயின் மதிப்புரை

சென்னிமலையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எது வாங்கினாலும் தேதி, விலை, பயன் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது என் வழக்கம். என் மகளின் வயிற்றுவலிக்காகச் செய்த செலவு மட்டும் அதில் பதினொரு பக்கம் இருக்கிறது. அத்தனை பக்கங்களிலும், கொடுத்த பணத்துக்கு வருந்தாத பரிசோதனை என்று நான் கோடிட்டு வைத்திருப்பது ஒன்றுதான்: குடலில் அழற்சி உண்டா என்று அறிய, மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு பார்ப்பது. அதைப் பற்றித் தமிழில் எங்கும் விவரமாகப் படிக்கக் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "என் பெயரைப் போடாதீர்கள் அம்மா, மற்றதையெல்லாம் எழுதுங்கள்" என்றாள்.

போன ஆண்டு பங்குனியில் என் தாய்வீட்டு ஊரில் நோம்பி. மாவிளக்கு எடுத்து, பொங்கல் வைத்து, மூன்று நாள் அங்கேயே இருந்தோம். வெயிலுக்குக் கண்ட இடத்தில் ஐஸ் போட்ட பழரசம் குடித்தார்கள் பிள்ளைகள். திரும்பி வந்ததும் வீட்டில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மற்ற மூவருக்கும் ஒரு வாரத்தில் சரியாயிற்று. பதினான்கு வயது மகளுக்கு மட்டும் காய்ச்சல் போனது, வயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஜூனில் பள்ளி திறந்த பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள் வலி. தொப்புளைச் சுற்றிப் பிசைவது போல் வரும், கழிவறைக்குப் போய்வந்தால் குறையும், சாப்பிட்டவுடன் மறுபடி வரும். ஒரு வாரம் இளகிப் போகும், மறுவாரம் மூன்று நாள் போகவே போகாது. காலையில் பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில்தான் வலி அதிகம் என்பதால் நடிக்கிறாள் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சொல்லை அவள் காதுபடச் சொன்னவர்களை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

என் மாமியார் செலவு ரசம் வைத்துக் கொடுத்தார். அமுச்சி தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் கூட்டிப்போனார். பூச்சி மாத்திரை கொடுத்தோம். ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது.

பிறகுதான் அந்தப் பெரிய தவறைச் செய்தேன். இருநூறுக்கும் மேற்பட்ட உணவுகளில் எது உடலுக்கு ஒவ்வாது என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிடுவோம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. நோய் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போனதால்தான் வயிறு இப்படி, எதிர்க்கும் உணவுகளை நிறுத்தினால் போதும் என்று போனில் பேசிய பெண் உறுதியாகச் சொன்னாள். 12,400 ரூபாய் கட்டினேன். வந்த ரிப்போர்ட்டில் பால், கோதுமை, முட்டை, நிலக்கடலை, தேங்காய், பச்சைப்பயறு எல்லாமே சிவப்பு. தேங்காயும் பயறும் இல்லாமல் எங்கள் பக்கம் என்ன சமைப்பது? இருந்தாலும் நிறுத்தினேன். அரிசிம்பருப்பு சாதம் இல்லை, சந்தகைக்குத் தேங்காய்ப்பால் இல்லை, தயிர் இல்லை. வெறும் ரசஞ்சோறும் இட்லியும் தின்று அக்டோபருக்குள் நான்கு கிலோ இளைத்துவிட்டாள். வலி மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பரிசோதனை அளப்பது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை. நாம் அடிக்கடி உண்ணும் உணவுக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இருப்பது இயல்பு. ஒவ்வாமைக்கு அது அடையாளம் ஆகாது, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் நோயெதிர்ப்பியல் கழகம் 2008லேயே சொல்லியிருக்கிறது. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் மகள் தினமும் தின்ற உணவுகளின் பட்டியலை அவளுக்கே 12,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் கோவையில் பிள்ளைகளுக்கான குடல் நோய் மருத்துவரிடம் போனோம். பஸ்ஸில் போக மகள் பயந்தாள், வழியில் வயிறு கலக்கினால் எங்கே இறங்குவது? ஈரோட்டுக்கு வந்து ரயில் ஏறினோம். ரயிலில் கழிவறை உண்டு. இந்த நோயுள்ள பிள்ளையோடு பயணம் போகிறவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

டாக்டரம்மா முதல் அரைமணி நேரம் என்னிடம் பேசவே இல்லை. மகளிடம்தான் கேட்டார். வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? மலத்தில் ரத்தம் உண்டா? வாயில் அடிக்கடி புண் வருகிறதா? மூட்டு வலிக்கிறதா? ஆசனவாயில் கட்டி, வெடிப்பு ஏதாவது? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? உயரம் ஏறிக்கொண்டிருக்கிறதா? ஏழு வகை மலத்தின் படம் போட்ட அட்டையைக் கொடுத்து எது என்று தொட்டுக்காட்டச் சொன்னார். பிரிஸ்டல் அட்டை என்று அதற்குப் பெயர். மகள் வெட்கப்படாமல் இரண்டாம் படத்தையும் ஆறாம் படத்தையும் தொட்டாள். அவ்வளவு நாள் என்னிடம்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

மாதத்தில் நான்கு நாளாவது வலி, அது மலம் கழிப்பதோடோ மலத்தின் தன்மை மாறுவதோடோ சேர்ந்து வருவது, இரண்டு மாதத்துக்கு மேல் நீடிப்பது. குடல் கோளாறுகளை வகைப்படுத்த 2016இல் வெளியான ரோம் நான்கு என்ற அளவுகோலின்படி பிள்ளைகளுக்கு இதுவே எரிச்சல் குடல் நோய்க்குறி, அதாவது ஐ.பி.எஸ். என் மகளுக்கு எல்லாமே பொருந்தியது, ஒன்றைத் தவிர. எடை. வளரும் வயதில் நான்கு கிலோ இறங்கினால் எந்த மருத்துவரும் குடல் அழன்று புண்ணாகும் குரோன் நோயை நினைப்பார். நம் நாட்டில் குடல் காசநோயையும் நினைப்பார். நான் உணவை நிறுத்தியதால் இறங்கிய எடையா, குடல் புண்ணாகி இறங்கிய எடையா என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று. அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனைகளோடு கால்புரோடெக்டினும் எழுதிக் கொடுத்தார். அதில் ஐயம் தெளியாவிட்டால் அடுத்தது குடல் உள்நோக்கி. பிள்ளையை மயக்கி, குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன்.

நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமியோ அழற்சியோ ஏற்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருபவை அவை. அந்த அணுவுக்குள் நிறைந்திருக்கும் ஒரு புரதம் கால்புரோடெக்டின். கிருமிக்குத் தேவையான துத்தநாகம், மாங்கனீசு போன்ற தாதுக்களைப் பிடித்துவைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுவது இதன் வேலை. நார்வேயில் ஃபாகர்ஹோல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். குடலின் சுவர் அழன்றிருந்தால் இந்த அணுக்கள் அங்கே குவிந்து, குடலுக்குள்ளும் இறங்கும். புரதம் மலத்தோடு வெளியேறும். அறை வெப்பத்தில் வைத்தாலும் சில நாள் கெடாது என்பதால் அளப்பது எளிது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக இயல்பு. குரோன் போன்ற குடல் அழற்சி நோய்களில், அதாவது ஐ.பி.டி.யில், அது பல நூறாக ஏறும். ஐ.பி.எஸ். என்றால் ஏறாது. இரண்டையும் பிரித்தறிய இதைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2013இல் பரிந்துரைத்தது. ஐ.பி.எஸ்., ஐ.பி.டி. என்று எழுத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு. ஐ.பி.டி.யில் குடல் புண்ணாகிறது, ஐ.பி.எஸ்.இல் ஆவதில்லை.

விலை 1,950 ரூபாய். ஈரோட்டில் மாதிரி வாங்கும் நிலையத்தில் டப்பா தந்தார்கள். மூடியிலேயே சிறு கரண்டி இருக்கும். சிறுநீரோ கழிவறைத் தண்ணீரோ கலக்கக்கூடாது. கழிவறையில் ஒரு பழைய தாம்பாளத்தின் மேல் செய்தித்தாள் விரித்து எடுத்தோம். சுண்டைக்காய் அளவு போதும். ஊசி இல்லை, பட்டினி இல்லை, படுக்கவைப்பது இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதில் கூச்சம்தான் பெரிய தடை. டப்பாவைத் தானே எடுத்துவந்து தானே பையில் போட்டுக் கட்டினாள். நான் பார்க்கக்கூடாது என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் போனுக்கு வந்தது. 134. பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்று போட்டிருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. குரோன் நோய் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டாக்டரம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, அந்த வாரம் மாதவிடாய் வந்ததா என்பது. வந்திருந்தது. வலிக்கு மெஃபெனாமிக் அமிலம் மூன்று நாள் போட்டிருந்தாள், மாதாமாதம் போடுவதுதான். அந்த வகை வலி மாத்திரைகள் குடலின் உட்சுவரை லேசாக உறுத்தி இந்த அளவை ஏற்றிவிடும் என்றார். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதே வகை. வயிற்றுப்போக்குக் காலத்தில் எடுத்தாலும் ஏறும். 50க்கும் 250க்கும் நடுவில் வந்தால் அது தீர்ப்பு அன்று, மீண்டும் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே பொருள் என்றார். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் பாராசிட்டமாலும் சுடுநீர்ப் பையும் வைத்துக்கொண்டு, நான்கு வாரம் கழித்து எடுக்கச் சொன்னார்.

மாதிரி கொடுத்த அன்று நிலையத்தில் யாரும் எங்களிடம் மருந்து பற்றிக் கேட்கவில்லை. டப்பாவோடு கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். அதில் கடைசிக்கு முந்தைய வரியில் பொடி எழுத்தில் வலி மாத்திரை பற்றிய எச்சரிக்கை இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் 1,950 ரூபாயும் ஓர் இரவும் மிஞ்சியிருக்கும். இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். பரிசோதனை நல்லது, அதைக் கையில் கொடுக்கும் விதம் சரியில்லை.

டிசம்பரில் இரண்டாம் முறை: 31. ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை எல்லாம் இயல்பு. பயறும் பாலும் தேங்காயும் திரும்ப வந்ததில் எடையும் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. குடல் உள்நோக்கி வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் உடனே அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. "அப்படியென்றால் எனக்கு வலிப்பது பொய்யா டாக்டர்?"

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். இந்தப் பரிசோதனை ஒரு வகை அணுவை மட்டுமே எண்ணுகிறது கண்ணு, என்று தொடங்கினார். நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் குடலிலும் நிறைய இருக்கின்றன. தினமும் உள்ளே வரும் சோற்றையும் குழம்பையும் எதிரியாக நினைக்காமல் பொறுத்துக்கொள்ள அவை பழகியிருக்க வேண்டும். மாஸ்ட் என்று இன்னொரு வகை அணு குடல் சுவரில் நரம்பு நுனிகளை ஒட்டி இருக்கிறது. தூண்டப்பட்டால் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டும், பக்கத்து நரம்பு கூர்மையாகிவிடும். மற்றவர்கள் உணராத வாயுவும் அசைவும் இவளுக்கு வலியாகும். ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடலில் இந்த அணுக்கள் நரம்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலி என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். இந்த அணுக்கள் எதுவும் கால்புரோடெக்டினில் தெரியாது.

நோம்பியில் வந்த வயிற்றுப்போக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். உண்டு, இதற்கு நல்ல சான்று இருக்கிறது என்றார். கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், அப்போது நோயுற்றவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். வந்தது. நோயுறாதவர்களில் நாற்பதில் ஒருவருக்குத்தான் வந்தது. ஏன் அப்படி என்பதற்கு 2021இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வு ஒரு விடை சொல்லியிருக்கிறது. குடல் தொற்றின்போது எலிகளுக்கு ஓர் உணவுப் புரதத்தைக் கொடுத்தார்கள். தொற்று ஆறிய பிறகும் அதே உணவு வந்தால் குடல் அதை எதிர்த்தது, மாஸ்ட் அணுக்கள் தூண்டப்பட்டு வலி வந்தது. கிருமி போய்விட்டது, அன்று அதோடு சேர்ந்து வந்த உணவின் மேல் பகை மட்டும் நின்றுவிட்டது. இந்த எதிர்ப்பு குடல் சுவரிலேயே நடப்பது, ரத்தத்தில் தேடினால் கிடைக்காது. ஐ.பி.எஸ். உள்ள 12 பேரின் குடல் சுவரில் நேரடியாக ஊசிபோட்டுப் பார்த்தபோது ஒவ்வொருவரிடமும் பால், கோதுமை, சோயா போன்றவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது எதிர்ப்பு தெரிந்தது. நலமாக இருந்த 8 பேரில் இருவரிடம்தான் தெரிந்தது.

ஆக, போனில் பேசிய அந்தப் பெண் சொன்ன நோய் எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லில் உண்மையின் ஒரு துணுக்கு இருந்திருக்கிறது. அதை வைத்துத்தான் என்னைப் போன்றவர்களிடம் விற்கிறார்கள். குடல் சுவருக்குள் நடப்பதைக் கை ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பார்த்துச் சொல்ல முடியாது என்பதை அவள் சொல்லவில்லை.

காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது வலி கூடுவதற்கும் விளக்கம் இருந்தது. நலமாக உள்ளவர்களை மேடையில் பேசச்சொல்லி ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். பதற்ற ஹார்மோன் ஏறியவர்களுக்குக் குடல் சுவரின் கசிவும் கூடியது. மாஸ்ட் அணுக்களை அடக்கும் மருந்தை முன்பே கொடுத்தவர்களுக்கு அந்தக் கசிவு வரவில்லை. பதற்றம் மனத்தில் தொடங்கினாலும் வேலை செய்வது குடலின் அணுக்களில்தான். மகள் இதைக் கேட்டுவிட்டு, எங்கள் வகுப்பாசிரியருக்கு இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். எழுதித் தந்தார். இப்போது அவள் கேட்காமலேயே வகுப்பிலிருந்து கழிவறைக்குப் போகலாம்.

எனக்குப் புரிந்தது தறியின் கணக்கில்தான். பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். இழுவை கூடிப்போனால் பாவு முழுசாகத்தான் இருக்கும், ஆனால் தொட்டாலே அதிரும். அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி கால்புரோடெக்டின். இழுவையை அது சொல்லாது.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது அதன் மதிப்புரை அல்ல. இரவில் இசப்கோல். ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே நேரத்துக்குத் தூக்கம். மாதம் இரண்டு முறை உளவியலாளரிடம் மூச்சும் எண்ணமும் பழகுவது. பிள்ளைகளின் ஐ.பி.எஸ்.க்கு நல்ல பலன் தரும் வழிகளில் அது ஒன்று என்றார்கள், என் மகளிடம் நான் அதைக் கண்ணால் கண்டேன். உணவில் உணவியலாளர் ஆறு வாரத்துக்குக் குறைக்கச் சொன்னவை இரண்டுதான்: சின்ன வெங்காயமும் கொண்டைக்கடலையும். ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்ததில் வெங்காயம் அதிகமானால் வயிறு உப்புகிறது, தாளிக்க நாலு போட்டால் ஒன்றும் ஆவதில்லை. பாலும் கொள்ளும் பச்சைப்பயறும் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. அவள் நான்கு மாதம் இழந்த கடைசலும் தயிரும் வீண் இழப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வை எல்லா நாளும் எழுதினாள். கணக்குத் தேர்வன்று காலையில் மட்டும் வலி வந்தது.

யாருக்கு இந்தப் பரிசோதனை தேவை என்று கேட்டால் என் கருத்து இது. பிள்ளைக்கு ரோம் அளவுகோல் பொருந்தி, உயரமும் எடையும் ஒழுங்காக ஏறி, அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் இதுகூடத் தேவைப்படாமல் போகலாம். டாக்டரம்மாவே, எடை இறங்காமல் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்றார். மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் வலி, விடாத காய்ச்சல், நின்றுபோன வளர்ச்சி இருந்தால் இதை மட்டும் எடுத்துவிட்டு இயல்பு என்று வீட்டில் உட்காரக்கூடாது, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நாமாக நிலையத்துக்குப் போய் எடுத்துக்கொள்வதும் வேண்டாம். எண் ஏறியிருந்தால் அது குரோனா, காசநோயா, வெறும் மாத்திரையின் வேலையா என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும். பெரியவர்களின் அளவை வைத்து அவர்களின் ரிப்போர்ட்டைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

ஐந்துக்கு மதிப்பெண் தருவதென்றால் பரிசோதனைக்கு நாலரை. வலியில்லாமல், ஒரு குடல் உள்நோக்கியைத் தவிர்த்துக் கொடுத்தது. நிலையத்தின் சேவைக்கு இரண்டு.

இரண்டாம் முறை டப்பா வாங்கப் போனபோது, அந்த ஆங்கிலத் தாளில் முக்கியமான நான்கு வரிகளை மகளை விட்டுத் தமிழில் எழுதச்சொல்லி எடுத்துப்போனேன். பிள்ளையின் கையெழுத்து நன்றாக இருக்கும். நிலையத்தில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொள்ளட்டுமா அக்கா என்று கேட்டாள். போன வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். முதல் வரி: கடந்த இரண்டு வாரத்தில் வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? சாப்பிட்டிருந்தால் மாதிரி கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.